ஏரோப்ளேன் சாரின் பதினைந்தாவது விமானம்

மாநகராட்சியின் கொசுப்புகை வண்டி தெருமுனையில் திரும்பினால் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் திறந்து வைப்பேன். அந்த எரிந்த எண்ணெய் வாசனைக்குள், என் நினைவில், ஒரு மனிதர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "ஆஹா, ரன்வே!" என்று கண்மூடி நிற்கிறார். பெசன்ட் நகரில் எங்கள் தெருவில் அவர் கொல்லாத ஆளே கிடையாது. என்னை மட்டும் மூன்று முறை கொன்றிருக்கிறார்.

பயப்பட வேண்டாம். விமானப்படையில் போர் விமானம் ஓட்டி, ஓய்வு பெற்ற மறுநாளே த்ரில்லர் நாவல் எழுத உட்கார்ந்தவர். பெயர்ப்பலகையில் என்னவோ பெரிய பதவி இருந்தது. தெருவுக்கு அவர் ஏரோப்ளேன் சார். பிணங்களுக்கு ஆள் தேடி அவர் அலைந்ததில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலே போதும். மூன்றாவது நாவலில் சங்கச் செயலாளருக்கு விஷம் வைத்தார். செயலாளர் புத்தகமும் கையுமாக இறங்கி வந்தார்.

"கொன்னேள், சரி. டீயில விஷம்னு எழுதியிருக்கேளே! எங்காத்துல யாராவது டீ போட்டுப் பாத்திருக்கேளா?"

"மறுபதிப்புல காபியா மாத்திடறேன் ஓய்."

"டிகாக்‌ஷன் திக்கா இருக்கணும்" என்றுவிட்டு நிம்மதியாகப் படியேறினார் செயலாளர்.

சார் எதையும் செய்து பார்க்காமல் எழுதமாட்டார். வைரம் கடத்தும் வில்லன் பக்கத்து மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்துச் சந்துகளுக்குள் புகுந்து கடற்கரைக்கு ஓட எத்தனை நிமிடம் ஆகும்? ஒரு நாள் காலை, கையில் பை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச், எழுபத்திரண்டு வயதில் ஓடினார். மீன் விற்றுக்கொண்டிருந்த கஸ்தூரியக்கா எழுந்து வழிமறித்தார்.

"இன்னா சார், எவன் தொரத்தறான்?"

"யாரும் இல்லம்மா. நான்தான் வில்லன்."

"வில்லன்னா இங்க ஏன் ஓடியார? இது முட்டுச்சந்து. அந்தாண்ட வலை காயுது பாரு, அப்டிக்கா போ."

அன்றே ஏழாவது அத்தியாயம் கிழிந்து குப்பைக்குப் போனது. கஸ்தூரியக்கா எங்கள் குழுவில் சேர்ந்தார்.

குழு என்றால், விமானப்படை வழக்கம் ஒன்று. பறந்து இறங்கியதும் எல்லோரும் உட்கார்ந்து, நடந்த தப்புகளை ஒன்றுவிடாமல் பேசுவார்களாம். அந்த நேரத்தில் பதவி கிடையாது. நேற்றுச் சேர்ந்தவனும் தலைவனின் குறையைச் சொல்லலாம். அதேபோல ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் எங்கள் கார் நிறுத்துமிடத்தில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். சார் வாசிப்பார். மாடியில் குடியிருந்த நானும், கூடை காலியானதும் வந்துவிடும் கஸ்தூரியக்காவும் குறை சொல்ல வேண்டும். சாருடையது மீன் வாங்காத வீடு. அக்கா வந்தது கதைக்காக மட்டுமே. வசன கவிதை எழுதும் என்னுடைய யோசனைகளை சார் பொறுமையாகக் கேட்பார். "அழகா இருக்கு கவிஞரே. ஆனா உங்க வாக்கியம் மேலயே சுத்திண்டிருக்கு. பெட்ரோல் தீந்துடும், கொஞ்சம் எறக்குங்கோ."

தெருவையே கொன்று குவித்த இந்த மனிதர் ஒன்றை மட்டும் செய்யமாட்டார். விமானத்தை விழ விடமாட்டார். பதினான்கு நாவல்கள். பதினான்கிலும் கதாநாயகன் ராஜன், எஞ்சின் எரிந்தாலும் இறக்கை கிழிந்தாலும், பூப்போலத் தரையிறங்கிவிடுவான். ஏன் என்று நானும் பலநாள் குடைந்து பார்த்தேன், பேச்சை மாற்றிவிடுவார். கடைசியில் தி. நகரிலிருந்து பதிப்பாளர் போன் செய்தார்.

"சார், பத்திரமா வீடு போய்ச் சேர்றதுக்கா ஜனங்க த்ரில்லர் படிக்கிறாங்க? இந்தத் தடவை பிளேன் விழலைன்னா புக்கு இல்லை."

இரண்டு மாதம் ஒரு வரி நகரவில்லை. நான் மறுபடி குடைந்தேன். அன்றுதான் சொன்னார்.

"ராஜன் என்னோட பேட்ச். கடல் மேல பயிற்சி. ரெண்டு பேரும் ஒண்ணாக் கிளம்பினோம், நான் மட்டும் இறங்கினேன். எல்லாரும் தேடினா, தேடினா, ஒரு துண்டுகூடக் கிடைக்கலை." கைகளை விரித்துப் பார்த்தார். "பதினாலு தடவை அவனை இறக்கிட்டேன் கவிஞரே. இப்ப என் கையாலயே தள்ளச் சொல்றார்."

ஆனாலும் எழுதினார். வாசித்துக் காட்ட எங்களைக் கூப்பிட்டார். புனேயில் இருக்கும் மகளிடம் அடுத்த மாதம் அவர் போய்விட்டதால், நாங்கள் மூவரும் உட்கார்ந்த கடைசிக் கூட்டம் அதுதான். நண்பகல். ஒரே ஒரு தாள். எஞ்சினில் தீ, கீழே கடல், விமானம் சாய்கிறது. குரல் நின்றது.

"அப்பால?" என்றார் கஸ்தூரியக்கா.

"அவ்வளவுதாம்மா. விழுந்துடுத்து."

"எத்தினி மணிக்கு?"

"விடியக்காலம். அஞ்சரை."

"கரையிலேந்து எம்மாந்தூரம்?"

"பத்து கிலோமீட்டர்."

"அஞ்சரைக்கு எங்காளுங்க பூரா வலை போட்டுக்கினு அங்கதான கீறாங்க! அம்மாம் பெரிய பிளேனு வுழுது, ஒருத்தன்கூடவா பாக்கல? இன்னா சார் எழுதற நீ!"

சார் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"பிளேனு வுழணும்னுதான சொன்னாரு புக்கு போடறவரு? ஆளு சாவணும்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்போ ஒரு போட்டை அனுப்பு சார்!"

அங்கேயே, முழங்கால்மேல் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தார். அக்கா விடவில்லை. பாராசூட்டில் குதித்தவனுக்குக் கயிறு காலில் சுற்றியிருக்கும், முதலில் கத்தியால் அறு. ஒரே பக்கம் எல்லோரும் நின்று தூக்காதே, படகு சாய்ந்துவிடும். கக்கத்தில் கை கொடுத்து இழு. வாயில் உப்புத்தண்ணி, குப்புறப் போடு. சார் மூச்சுவிடாமல் எழுதினார், அடித்தார், எழுதினார். கடைசியில் ராஜன் வலைக்குவியலின் மேல் கிடந்து இருமினான். படகு கரையில் ஏறியது.

சார் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். கஸ்தூரியக்கா காலிக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, போகிறபோக்கில் சொன்னார்:

"அதான் கரை சேத்துட்டியே. போய் சாப்புடு சார், மணி மூணாவுது."