கட்டடத்தைத் தொடும் பழுது

"வாஷர் தேஞ்சு போச்சுங்க. ஒண்ணு வாங்கி மாட்டினா பத்து நிமிஷ வேலை," என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

சமையலறைக் குழாய் மூன்று நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் எழுத்தர்.

"மாட்டறது ஒண்ணும் பெரிசில்ல. யார் மாட்டணும்கறதுதான் கேள்வி."

அவர் எழுத்தராக இருந்தது துணி துவைக்கும் மெஷின் செய்கிற ஒரு கம்பெனியில், புகார்ப் பிரிவில். மெஷினே வெடித்துச் சிதறியிருந்தாலும், 'இது சிறு பழுது, வாங்கியவர் பொறுப்பு' என்று மரியாதை குறையாமல் பதில் எழுதுவதுதான் பதினெட்டு வருஷமாக அவருடைய பிழைப்பு. போர்வை மெஷினுக்குள்ளேயே தீப்பிடித்து எரிந்ததாக ஒரு அம்மாள் எழுதியபோது, 'சற்றே கூடுதலான வெப்பம்' என்று பதில் போனது. யானையை எறும்பாக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவர் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் இருப்பாரா? அதில் ஒரு வரி இருந்தது. சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தைத் தொடும் பெரும் பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு. குழாய் கட்டடத்தில்தானே இருக்கிறது, ஆகவே அது உரிமையாளர் பொறுப்பு என்று முடிவு கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

உரிமையாளர் கீழ்வீட்டிலேயே இருந்தார். எழுபது வயதுப் பெரியவர். அதிர்ந்து பேசாத ஆள். எழுத்தர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வாஷர்தானே தம்பி? சின்ன வேலை. உங்க பொறுப்பு," என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "பெரிசுன்னு உங்களுக்குத் தோணினா எழுதிக் குடுங்க. பார்ப்போம்," என்றார்.

எழுதிக் கொடுப்பதாம். யாரிடம் வந்து என்ன சொல்கிறார் மனுஷர்!

மேலே வந்து விஷயத்தைச் சொன்னதும் தையல் மெஷின் நின்றுவிட்டது. வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று மனைவி கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவளுக்கு அந்த வீட்டின் முன்னறை என்றால் உயிர். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். அதை ஒட்டி மெஷின். தைத்த உடுப்பை ஜன்னலில் மாட்டினால், கீழே போகிறவர்கள் பார்த்துவிட்டு மாடியேறி வந்து அளவு கொடுப்பார்கள். விளம்பரப் பலகை கிடையாது, ஒன்றும் கிடையாது.

"இந்த ஜன்னல் போச்சுன்னா என் பொழப்பே போச்சுங்க. ஞாபகம் வச்சுக்கங்க."

"பதினோரு வருஷமா குடியிருக்கோம். சட்டம் நம்ம பக்கம். நம்மளை யாரும் அசைக்க முடியாது," என்றார் எழுத்தர். அது பொய்யும் இல்லை. ஒழுங்காகக் குடியிருப்பவரைக் கிளப்ப அந்த ஊர்ச் சட்டத்தில் லேசில் வழி கிடையாதுதான்.

முதல் கடிதம் அன்று மாலையே போனது. மறுநாள் காலையில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'சிறு பழுது' என்று எழுதியிருந்தது.

எழுத்தருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அவர் மற்றவர்களுக்கு எழுதிய வார்த்தை அது. வாங்கிக்கொள்ளும்போது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தை மறுபடி எடுத்து அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். 'கட்டடத்தைத் தொடும்.' அங்கேதான் இடித்தது. தண்ணீர் கீழே வைத்த பாத்திரத்தைத் தொடுகிறதே தவிர, கட்டடத்தைத் தொடவில்லை.

தொட வைத்தால் போயிற்று. மனைவியின் வெட்டுத் துணியில் நீளமாக ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் குழாயில் கட்டி, மறுமுனையைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். சொட்டுகள் துணி வழியாக நடந்து போய்ச் சுவரில் இறங்கின.

"என் துணி எதுக்குக் குழாய்ல தொங்குது?" என்று கேட்டாள் மனைவி.

"அது ஆதாரம். தொடாதே."

நாலு நாளில் சுவரில் தட்டு அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. துணியையும் ஆணியையும் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டு இரண்டாம் கடிதம் எழுதினார். பெரியவர் மூட்டுவலியோடு மாடியேறி வந்தார். சுவரைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார்.

"சுண்ணாம்பு ஒரு கை அடிச்சா போயிரும். இதுவும் சின்னதுதான்," என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா கடுதாசி நல்லா இருந்துச்சு தம்பி. கை தேர்ந்த எழுத்து. இன்னும் கொஞ்சம் அழுத்தமா எழுதியிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன்."

எழுத்தர் நெகிழ்ந்துபோனார். பதினெட்டு வருஷத்தில் அவர் எழுத்தை ஒருவரும் பாராட்டியதில்லை. திட்டித்தான் பதில் வரும். மேலாளர்கூட ஒற்றுப்பிழை மட்டும்தான் பார்ப்பார். இந்தப் பெரியவருக்கு எழுத்தின் அருமை தெரிகிறது, பழுதின் அருமைதான் தெரியவில்லை என்று மனைவியிடம் சொல்லி மாய்ந்து போனார்.

"நகத்தால கிள்ளற வேலைக்குக் கோடரியைத் தூக்காதீங்க. நான் போய் வாஷர் வாங்கிட்டு வர்றேன்," என்று அவள் செருப்பை மாட்டினாள்.

அவரோ கோடரி இல்லாத குறைக்கு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஈரம் பட்ட இடத்தில் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிவிட்டால் செங்கல் தெரியும். செங்கல் என்றால் அது கட்டடம்தானே. உள்ளங்கை அகலம் சுரண்டுவதுதான் அவருடைய உத்தேசம்.

சுவருக்கு வேறு உத்தேசம் இருந்தது. ஒரு நெம்பு நெம்பியதும் பூச்சு பலகை மாதிரி மொத்தமாகப் பெயர்ந்து குழாயின் மேல் விழுந்தது. குழாய் வேரோடு முறிந்தது. தண்ணீர் பீறிட்டு எழுத்தரின் நெஞ்சில் அடித்தது.

கட்டைவிரலை வைத்து அடைத்தார். விரல் இடுக்கு வழியாகக் கூரைக்கு அடித்தது. படியில் இறங்கிக்கொண்டிருந்த மனைவி சத்தம் கேட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். தொட்டிக்குக் கீழே இருந்த அடைப்பு வால்வைத் திருகியதும், துருப்பிடித்த திருகு கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கீழே வந்தபோது தண்ணீர் முன்னறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தைப்பதற்காக வெட்டிப் பரப்பி வைத்திருந்த பள்ளிக்கூடச் சீருடைத் துணி அத்தனையும் தரையில் மிதந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பிழிய ஆரம்பித்தாள். எழுத்தருக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

தொட்டி காலியாகித்தான் தண்ணீர் நின்றது. அதற்குள் கீழ்வீட்டுக் கூரையும் ஒழுகத் தொடங்கி, பெரியவர் குடையை விரித்துப் பிடித்தபடியே மாடியேறி வந்துவிட்டார். கத்தப்போகிறார் என்று எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் கத்தவில்லை. சுவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், குடையை மடக்கினார்.

"இது பெரிசுதான் தம்பி. ஒத்துக்கறேன். எழுதிக் குடுங்க."

குனிந்த தலை நிமிர்ந்தது.

அன்று மாலை, ஈரக் கை காய்வதற்குள்ளேயே பேனாவை எடுத்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். குழாய் உடைந்துவிட்டது, சரிசெய்து கொடுங்கள் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும் என்று மன்றாடினாள். ஒரு வரியா? பதினெட்டு வருஷம் யானைகளை எறும்பாக்கிய கை அது. வாழ்க்கையில் ஒருமுறை எறும்பை யானையாக்கச் சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது, விடுவாரா? நாலு பக்கம் எழுதினார். சுவர்கள் ஊறி வலுவிழந்துவிட்டன, கூரை எந்நேரமும் இடிந்து விழலாம், உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஏற்றிக்கொண்டே போய், 'மேற்படி வீடு மனிதர் குடியிருக்கச் சற்றும் தகுதியற்றது' என்று முடித்து, அவளுக்கு ராகம் போட்டு வாசித்தும் காட்டினார்.

"நாமதானே குடியிருக்கோம்? நாம மனுஷங்க இல்லையா?"

"அது கடுதாசி பாஷை. உனக்குப் புரியாது."

பெரியவர் அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து கேட்டார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, 'பெரும் பழுது என ஏற்கிறேன், முழுப் பொறுப்பும் என்னுடையது' என்று பதில் எழுதிக் கொடுத்து, எழுத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எழுத்தருக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் பதிலை ஆபீசுக்குக் கொண்டுபோய் மேஜை மேஜையாகக் காட்டினார். ஒரு வீட்டுக்காரரை இப்படி மண்டியிட வைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். எதிர்வீட்டிலிருந்து நாலு நாள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்த மனைவிகூட மனசு இளகி, "நீங்க சொன்னது சரியாத்தான் போச்சு," என்று ஒப்புக்கொண்டாள். எப்படியும் ஆள் வரப்போகிறது, முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரியும் வைத்துத் தரச் சொல்லலாமா என்று ஆசையாகக் கேட்டாள். தாராளமாக, சட்டம் நம் பக்கம் என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி வந்தார். கையில் அளவு நாடா, காதில் பென்சில். சமையலறையை அளந்தார். படுக்கையறையை அளந்தார். முன்னறையையும் ஜன்னலையும் அளந்தார். மொத்த வீட்டையும் புதுப்பித்துத் தரப்போகிறார்கள் என்று எழுத்தர் மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவள் அலமாரி வேண்டிய இடத்தைக் கையால் காட்டினாள்.

மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமானை எல்லாம் என்னிக்கு எடுக்கறீங்க?"

"சமையலறைச் சாமான்தானே? இன்னிக்கே ஒதுக்கி வச்சிடறோம்," என்றார் எழுத்தர்.

"மொத்தச் சாமானும் சார். மாசக் கடைசியில இடிக்கறோம். புதுசா நாலு மாடி வருது."

மனைவியின் கை காட்டியபடியே நின்றது. இடிக்க முடியாது, ஒழுங்காகக் குடியிருப்பவனைக் கிளப்பச் சட்டத்தில் வழியே இல்லை, பதினோரு வருஷம் என்று எழுத்தர் மூச்சு விடாமல் பேசினார். மேஸ்திரி தடுக்கவில்லை. அவர் முடிக்கும்வரை காத்திருந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துப் பிரித்து நீட்டினார். குடியிருக்கத் தகுதியற்ற வீடு என்று இடிப்பதற்கான அனுமதி. அதோடு சேர்த்துப் பின் அடித்திருந்தது நாலு பக்கக் கடிதத்தின் நகல். பக்கத்துக்குப் பக்கம் எழுத்தரின் கையெழுத்து. அதன் மேல் அதிகாரியின் முத்திரை.

மேஸ்திரி குரலில் கேலி துளிகூட இல்லை, மரியாதைதான் இருந்தது.

"உங்களைக் காலி பண்ண வைக்கப் பெரியவர் ஆறு வருஷத்துல மூணு வக்கீலை மாத்தினாரு சார், ஒருத்தராலயும் இந்த மாதிரி ஒரு கடுதாசி எழுத முடியலை."