பதினேழாம் குழியில் இருட்டு

அணுகுண்டில் அழியாமல் உலகம் இன்றுவரை பிழைத்துக் கிடப்பதற்கு மலேசியாவின் பூச்சோங் அணுவியல் கழகத்தின் கூட்ட அறையே காரணம் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே குளிர்சாதனம் உண்டு, கறிபாப் பலகாரம் உண்டு, எதையும் உடைக்காத பண்பும் உண்டு.

அந்தப் பண்புதான் தாமரையின் வேலை. பயன்படுத்திய அணு எரிபொருள் கம்பிகள் ஆழமான தண்ணீர்த் தொட்டியில், எண் போட்ட குழிகளில் நிற்கும். ஆயுதம் செய்ய யாரும் எடுத்துப் போய்விடவில்லையே என்று பார்க்க வேண்டும்; ஆனால் வெட்டவோ திறக்கவோ கூடாது. கதிர்வீச்சினால் கம்பியைச் சுற்றித் தண்ணீர் நீலமாக ஒளிரும். மேலிருந்து அதற்கான கேமராவில் பார்த்து, 'இருக்கிறது' என்று எழுதினால் போதும்.

தாமரை கிள்ளானிலிருந்து அந்தப் பிரிவுக்கு மாறி வந்து மூன்று மாதம்தான். முன்னால் இருந்தவர்கள் பழைய பட்டியலைப் பார்த்தே புதிய பட்டியலை எழுதினார்கள். அதைவிடச் சேதமில்லாத முறையை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வியன்னாவிலிருந்து அனைத்துலகச் சோதனை அதிகாரி வர இரண்டு நாள் இருக்கையில், பதினேழாம் குழி இருட்டாக இருப்பதைத் தாமரை பார்த்துவிட்டாள். மேலிடத்துக்குச் சொன்னாள். உடனே 'அவசர உயர்மட்டக் கூட்டம்' கூடியது.

"மெஷின் என்னம்மா சொல்லுது?" என்றார் 'டத்தோ' பட்டம் வாங்கிய இயக்குநர் இராமலிங்கம்.

"பதினேழுல கம்பி இல்ல, டத்தோ."

"ஃபைல் என்ன சொல்லுது?"

"இருக்குன்னு சொல்லுது."

டத்தோ நிம்மதியாகக் கறிபாப்பைக் கடித்தார். "அப்புறம் என்ன? மெஷின் போன வருஷம் வந்தது. ஃபைலுக்கு இருபது வருஷ சர்வீஸ்."

பிரிவுத் தலைவர் பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "அந்தக் குழியில நீல லைட் ஒண்ணு எறக்கிடலாமா, டத்தோ? பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுல தீபாவளி லைட் விதவிதமா கெடைக்கும்."

"வாட்டர்ப்ரூஃபா?" என்று டத்தோ பொறுப்புடன் விசாரித்தார்.

"நான் சைன் பண்ண மாட்டேன்," என்றாள் தாமரை. "நெசமாவே காணாமப் போயிருந்தா நாட்டுக்கே கெட்ட பேரு லா, டத்தோ. மொதல்ல தேடுவோம்."

அறை அதிர்ந்தது. தேடுவது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை.

தாமரை தனியாகவே தேடினாள். கேமராவோடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மறுநாள் மாலை, பட்டியலில் 'காலி' என்றிருந்த நாற்பத்திரண்டாம் குழி நீலமாக ஒளிர்ந்தது. கம்பியின் தலையில் பொறித்திருந்த எண்ணும் பொருந்தியது. இரண்டு வருடத்துக்கு முன் தொட்டியைச் சுத்தம் செய்தபோது யாரோ இடம் மாற்றிவிட்டு எழுதாமல் போயிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு அவள் சற்று நேரம் அழுதாள்.

சோதனை அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்தப் பெண்மணி தானே பார்த்து, அளந்து, 'எரிபொருள் பத்திரம், பதிவேடு தவறு' என்று எழுதினார். தாமரையின் நேர்மையைப் பாராட்டி ஒரு வரியும் சேர்த்தார். "வெளிப்படைத்தன்மை எங்கள் உயிர்மூச்சு," என்று டத்தோ பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார்.

திங்கட்கிழமை தாமரைக்குக் கடிதம் வந்தது. இனி அம்பாங் கிடங்கில் பழைய நாற்காலிகளைச் சரிபார்க்க வேண்டும்.

"நான் சொன்னது பொய்யா, சார்?" என்று பரமேஸ்வரனிடம் கேட்டாள்.

"சே, பொய்யா இருந்தா மன்னிச்சிருப்பாங்கம்மா."

அணு எரிபொருள் இடம் மாறியதற்கு அந்தக் கழகத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தாமரை இடம் மாறியதற்கு மூன்று நகல்கள் இருந்தன.