இரட்டை ஜெட் கண்டுபிடித்த தாய்மாமன்

ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் கை வைத்தவன் எங்கள் குடும்பத்திலேயே நான் ஒருவன்தான். அதற்கான தண்டனையை இன்றுவரை அனுபவித்து வருகிறேன்.

அப்போது பெங்களூரில் விண்மீன் பிறப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பிறந்துகொண்டிருக்கும் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுபோலச் சுழலும். அந்தத் தட்டின் மேலும் கீழும் வாயு பீறிட்டுப் பாயும். அதற்கு ஜெட் என்று பெயர். அப்படி ஒன்றைப் படமெடுக்க, சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்றில் அந்த வருடம் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். அதை விட்டால் என் ஆராய்ச்சி அம்போ. அங்கே இரவு என்றால் இங்கே காலை, லேப்டாப்பிலிருந்தே இயக்கலாம். நம் நேரம் எட்டிலிருந்து ஒன்பது என்று கணக்குப் போட்டேன்.

அதே நாள் எட்டரை மணிக்கு விராலிமலையில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி, மறுபடி ஜோசியரிடம் போகவைத்து, ஒன்பதரைக்கு மாற்றினேன். (அதற்காக மாமியாரிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

எட்டு மணிக்கு மண்டபத்தில் லேப்டாப்பைத் திறந்தால், தொலைநோக்கியில் வேறு யாரோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடை முடிந்ததென்று சிலியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் பழைய கணக்கைப் போட்டிருக்கிறேன். என் நேரம் ஒன்பதிலிருந்து பத்து. நான் மாற்றிவைத்த காதுகுத்தோ ஒன்பதரைக்கு.

படம் பாதி பதிவாகிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

"வாடா, ஆசாரி காத்துக்கிட்டிருக்காரு."

"அக்கா, இருபது நிமிசம்..."

"நீ கேட்டேன்னுதானே நேரத்தையே மாத்துனேன்? இன்னொருக்கா மாத்தச் சொல்லி மாமியார்கிட்டப் போயி நிக்கச் சொல்றியா?" அவள் கண் கலங்கியிருந்தது.

லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மடியில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு வயது மருமகள். முன்னால் ஒரு ஸ்டூலில் லேப்டாப். ஒரு கண் அவள் காதில், ஒரு கண் திரையில்.

"தம்பி, காலைப் புடிச்சுக்கங்க," என்றார் ஆசாரி. நானோ கையைப் பிடித்திருந்தேன். கம்பி இறங்கியதும் வீறிட்டவள் விட்ட உதை நேராகக் கீபோர்டில் விழுந்தது. தொலைநோக்கியை நகர்த்தும் பொத்தான்கள் அங்கேதான் இருந்தன. பதறிப்போய்த் திரையைப் பார்த்தேன். பதிவு நிற்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

படமும் வந்தது. ஒன்றல்ல, இரண்டு ஜெட்! பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தட்டு! இரட்டை விண்மீன் பிறக்கிறது! மைக்கைப் பிடுங்கி மண்டபத்துக்கே அறிவித்தேன். ஜனம் கைதட்டியது. படத்தை என் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியைக்கு அனுப்பினேன். பந்தியில் பாயசம் வருவதற்குள் அவரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன். (பாராட்டைச் சொந்தக்காரர்களும் கேட்கட்டுமே.)

"ஏம்ப்பா, அந்தப் படத்துல எல்லா ஸ்டாருமே ரெண்டு ரெண்டா இருக்கே, பாக்கலையா? நடுவுல டெலஸ்கோப் நகந்திருக்கு!"

பந்தி முழுக்கச் சிரித்தது. ஆராய்ச்சி ஒரு வருடம் தள்ளிப்போனது.

போன மாதம் என் மனைவிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரட்டைக் குழந்தை. சந்தோஷத்தில் உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

அவள் கேட்டாள்: "டாக்டர் பாத்துச் சொன்னாங்களா, நீயா பாத்தியா?"