காந்தம் வைத்த வேட்டி

எனக்குக் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணும் வியாதி உண்டு. மற்றவர்களுக்கு இது பஸ்ஸில் வரும், பிரசங்கத்தின்போது வரும். எனக்குக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் வரும். துணியை மேசையில் விரித்து, சாக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோடு என்னை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது துணி வெட்டி முடிந்திருக்கும், பெரும்பாலும் தப்பாக. (என் அக்கா ஷைனியின் சுடிதாருக்கு இரண்டு கையும் இடது கையாகத் தைத்தவள் நான். அவள் இன்னும் மன்னிக்கவில்லை.)

இப்போது கொல்லயில் என்ற எங்கள் ஊரில் சின்னதாக ஒரு தையற்கூடம் வைத்திருக்கிறேன். கை கால் எளிதாக அசைக்க முடியாதவர்களுக்குத்தான் அங்கே உடை தைக்கிறோம். நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பின்பக்கம் உயர்த்தி வெட்டிய பேன்ட், கையைத் தூக்க முடியாதவருக்குத் தோளில் திறக்கும் சட்டை, அப்படி. இந்த எண்ணம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, சேவை, மனிதநேயம் என்று ஒரு நல்ல பதில் கைவசம் இருக்கிறது. உண்மையான பதிலில் ஒரு இரும்பு நாற்காலியும் அன்னாசிப்பழப் படம் போட்ட ஒரு நிக்கரும் வரும் என்பதால் அதை வெளியில் சொல்வதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். திருவனந்தபுரத்தில் உடை வடிவமைப்புப் படித்து முடித்து, உலகத்துக்கே நான்தான் உடுத்தக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் காலையில், படகைக் கயிறு போட்டுக் கட்டும்போது அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். மாதக்கணக்கில் சிகிச்சைக்குப் பிறகு நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கும் அளவுக்கு வந்தார். இடது கை மட்டும் மடியிலேயே கிடந்தது. பேச்சு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. (அதற்காக அம்மா மாதாவுக்கு நன்றி சொல்வாள். சில நாட்களில் சொல்ல மாட்டாள்.)

ஒரு கையால் வேட்டி கட்ட முடியாது. நம்பாவிட்டால் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டிப் பாருங்கள், கதவைச் சாத்திவிட்டு. தினமும் அம்மா கட்டிவிடுவாள், இல்லாவிட்டால் அவள் தம்பி ராபர்ட் மாமா வந்து கட்டிவிடுவார். அந்த நேரம் முழுக்க அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவர் நடக்கத் தடுமாறுவதைப் பார்க்கக்கூட அவ்வளவு கஷ்டமாக இருக்காது. கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்க்கவே முடியாது. மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். படகுத்துறைப் பக்கம் போவதையும் நிறுத்தினார்.

அப்போதுதான் அக்காவுக்கு நெய்யாற்றங்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் கோயிலில் மனசம்மதம், அதாவது பாதிரியார் முன்னால் நடக்கும் நிச்சயம். அப்பா வரமாட்டேன் என்றார்.

"பெண்ணுக்க தகப்பன் இல்லாம மனசம்மதமா? நாலு பேரு என்ன பறைவினும்?" என்று அம்மா அழுதாள்.

"வாறேன்" என்றார் அப்பா கடைசியில். "ஆனா ஒருத்தரும் எனக்கு முண்டு உடுத்தித் தரப்பிடாது. நானே உடுக்கணும். சம்பந்தி வந்து இறங்கும்போ, மடிச்சுக் கட்டுனத நானே இறக்கி விடணும். அது நடக்குமெங்கில் வாறேன்."

எங்கள் ஊர்ப்பக்கம் ஆண்களின் வேட்டிக்குத் தனியாக ஒரு பாஷை உண்டு. வேலை நேரத்தில் அது முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டப்பட்டிருக்கும். மதிப்பான ஒருவர் எதிரே வந்தால், கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்துவிடும், வேட்டி கணுக்கால் வரை இறங்கும். அரை நொடி வேலைதான். அந்த அரை நொடியில் வணக்கம், வரவேற்பு, நான் இந்த வீட்டு ஆண்பிள்ளை என்கிற அறிவிப்பு எல்லாமே இருக்கிறது. அப்பா கேட்டது அந்த அரை நொடியை.

"நான் தச்சுத் தாறேம்பா" என்றேன்.

"எலாஸ்டிக் வச்சு ஒரு தையல் போட்டா தீர்ந்துது" என்று அம்மா யோசனை சொன்னாள். நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தேன். மூன்று வருஷம் படித்தவளிடம் எலாஸ்டிக்கா?

கத்தரிக்கோலை எடுத்தேன். வியாதி வந்துவிட்டது. பூவார் மணல்திட்டு தெரிந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில் வெள்ளை வெள்ளையாக வேட்டி உடுத்திய ஆண்கள் சக்கர நாற்காலிகளில் வரிசையாக இருக்கிறார்கள். காலை வெயில் துணிக்குள் புகுந்து வெளியே வருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒற்றைக் கையால் மடிப்பை இறக்குகிறார்கள், சத்தமே இல்லாமல். யாரோ ஒரு பெரிய மனிதர், இதைச் செய்த பெண் யார் என்று கேட்கிறார். நான் வெட்கத்தோடு முன்னால் நடந்து போகிறேன். (அந்த நடை மட்டும் அரை மணி நேரம் நீண்டது. அடுப்பில் வைத்திருந்த கஞ்சி அடிபிடித்தது.)

கனவிலிருந்து நான் கொண்டுவந்த வேட்டியில் இரண்டு புதுமைகள். முதலாவது இடுப்பு. அதில் முடிச்சு கிடையாது, வெல்க்ரோ என்கிற ஒட்டுப்பட்டைதான். ஒரு கையால் சுற்றி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், அவசரத்துக்கு ஒரே இழுப்பில் கழன்று வரும். இரண்டாவது காந்தம். வேட்டியின் கீழ்க்கரையிலும் இடுப்பைச் சுற்றியும் காந்தத் துண்டுகளை உள்ளே வைத்துத் தைத்தேன். கரையைத் தூக்கி இடுப்பில் வைத்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், மடித்துக் கட்டியாகிவிட்டது. இடுப்பில் தொங்கும் நாடாவை இழுத்தால் விட்டுவிடும், இறக்கிவிட்டாகிவிட்டது. கைப்பையில் வைக்கிற காந்தப் பட்டன் இரட்டை வேட்டியின் கனத்தைத் தாங்கவில்லை. அதனால் தபாலில் வீரியமான காந்தம் வரவழைத்தேன்.

எச்சரிக்கை வராமலில்லை. தைக்கும்போதே ஊசிகளெல்லாம் துள்ளிப்போய் வேட்டியில் ஒட்டின. கத்தரிக்கோல் ஒட்டியது. அந்தப் பக்கமாகப் போன அம்மாவின் தாலிச் சரட்டில் கிடந்த ஊக்கு ஒட்டி, அம்மாவும் கூடவே வந்தாள். நான் கனவில் இருந்ததால் இதையெல்லாம் வெற்றியின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தோம். அவரே சுற்றினார். அவரே அழுத்தினார். மடித்தார், எழுந்து நின்றார், ஊன்றுகோலை விட்டுவிட்டு நாடாவை இழுத்தார். வேட்டி இறங்கியது. மறுபடி மடித்தார், மறுபடி இறக்கினார். எங்கள் பூனை முற்றத்தில் வந்தபோது அதற்கும் ஒருமுறை இறக்கினார். அவர் சிரித்து எத்தனை மாதமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு சின்னதாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"மக்கா, இது இரும்பில கொண்டு பிடிச்சிராதா? எஞ்சின்கிட்ட காந்தம் வச்சா என்ன ஆவும்ணு எனக்குத் தெரியும், கேட்டியா."

"அப்பா, இது டிசைனாக்கும். உங்க எஞ்சின் இல்ல."

இந்தப் பதிலை நினைத்து, எட்டு வருஷம் கழித்தும், சில சமயம் தனியாக இருக்கும்போது தலையில் குட்டிக்கொள்கிறேன்.

மனசம்மதத்தன்று காலையில் அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே உடுத்தினார். வெளியே அம்மாவும் மாமாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்தது. வெள்ளை ஜிப்பா, பொன்கரை வேட்டி. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஏற்கெனவே மணல்திட்டுக்குப் போய்விட்டிருந்தேன்.

கோயில் மண்டபத்தில் வரிசையாக மடக்கு நாற்காலிகள். சுத்தமான இரும்பு. வாசலுக்கு நேரே ஒன்றில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கோயில் மண்டபத்துல எதுக்கு அத்தான் மடிச்சுக் கட்டணும்?" என்று மாமா கேட்டார்.

"ஏத்திக் கட்டாம எப்பிடிலே இறக்குவது?" என்றார் அப்பா.

அவர் சாய்ந்தபோது முதுகுப்பக்கம் டக் டக் என்று நான்கைந்து சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது. பழைய நாற்காலி என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் சம்பந்தி லாசர் மாமா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் போய்விட்டாலும் அந்த வாய் அவரிடமே தங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை, அத்தைமார், சித்திமார் என்று பதினைந்து பேர்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்ததைப்போல மெதுவாகத்தான் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா ஊன்றுகோலைப் பிடித்தார். ஒரு மூச்சு இழுத்தார். எழுந்தார். 'கர்ர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம். என் முதல் புதுமை ஒரே இழுப்பில் கழன்றது. என் இரண்டாவது புதுமை நாற்காலியை விடவில்லை. அப்பா நிமிர்ந்து நின்றார், வேட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஜிப்பாவுக்குக் கீழே, ஒருகாலத்தில் படகில் வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த பச்சை நிக்கர். அதில் மஞ்சள் மஞ்சளாக அன்னாசிப்பழங்கள்.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு, முகம் நிறைந்த சிரிப்போடு, நாடாவை இழுக்க இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். கை ஜிப்பாவைத் தடவியது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. பிறகு குனிந்து பார்த்தார்.

வெளியே தென்னை ஓலை அசைவது கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு இடது கை வைத்த சுடிதாரைப் போட்டுப் பார்த்த அன்றைய அதே பார்வை.

லாசர் மாமாதான் வாயைத் திறந்தார்.

"எங்களுக்கு ஹாஃப் டிக்கெட் மரியாதை மதி சம்பந்தி, அதே போதும்! நீங்க ஃபுல் டிக்கெட்டே கிழிச்சுத் தந்துட்டியளே!"

யாரோ ஒரு சித்தி முதலில் வெடித்தாள். பிறகு பதினைந்து பேரும். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு நொடியில் அப்பா கூரையைப் பார்க்கப்போகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ராபர்ட் மாமா ஓடினார், இரண்டு சித்தப்பாக்கள் ஓடினார்கள். ஆறு கைகள் ஒரே நேரத்தில் வேட்டியைப் பிடுங்கின. நாற்காலியும் கூடவே வந்தது.

"தொடாண்டாம்!"

அப்பாவின் குரல். படகில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே போடும் குரல் அது. அதைக் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது. ஆறு கைகளும் பின்வாங்கின.

"ஒருத்தரும் தொடாண்டாம். நாற்காலிய மட்டும் ஒருத்தர் பிடிச்சாப் போதும்."

மாப்பிள்ளை முன்னால் வந்து நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். (எங்கள் குடும்பத்துக்காக அவர் செய்த முதல் வேலை.) அப்பா காந்தங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார். மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு, பதினைந்து சம்பந்திகளும் எங்கள் உறவு முழுசும் பார்க்க, வேட்டியைச் சுற்றினார், அழுத்தினார். கரையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். டக். ஊன்றுகோலைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து லாசர் மாமாவைப் பார்த்தார். நாடாவை இழுத்தார்.

வேட்டி கணுக்கால்வரை இறங்கியது.

"வரணும், சம்பந்தி" என்றார்.

அவர் ஒருமுறைகூடக் கூரையைப் பார்க்கவில்லை. நான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. நான் அவமானத்தில் அழுவதாகத்தான் எல்லோரும் இன்றுவரை நம்புகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வேட்டியைக் கழற்றி என் மேசையில் போட்டார். "காந்தம் வேண்டாம். கொளுவி வை, கொக்கி போதும். பிறகு, தைக்கதுக்கு முன்ன எங்கிட்ட கேளு. உடுத்திட்டு இருக்கது நானாக்கும்" என்றார். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்டுவிடுகிறேன். எங்கே உட்காருவீர்கள், எப்படி எழுந்திருப்பீர்கள், எந்த இடத்தில் யார் கை படுவது பிடிக்காது, எல்லாம். கனவு அதற்குப் பிறகுதான்.

போன மாதம் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. லாசர் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கை ஒடிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். அத்தைதான் உடுத்திவிடுகிறாள். மனிதர் அறையை விட்டு வெளியே வருவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, ஜோக் அடித்து ஒரு வாரமாகிவிட்டதாம். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பாவும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

"நானும் வாறேன். இது உனக்க விஷயம் இல்ல" என்றார்.

நெய்யாற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பா தனியாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே அத்தையும் அக்காவும் நானும் காத்திருந்தோம். சன்னல் வழியாக மத்தியான வெயில் தரையில் விழுந்து மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு அப்பா தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார், டிக்கெட் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

அதற்கு உள்ளேயிருந்து, பஸ்ஸின் பின்வாசல் வரைக்கும் கேட்கும் பழைய குரலில் பதில் வந்தது.

"ஹாஃப் மதி சம்பந்தி! எனக்கு ஹாஃப் மதி!"