சாயம் ஏறிய முயல்

என் வாயிலிருந்து ஒரு கலரின் பெயர் வந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். இத்தனைக்கும் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் கலர் சொல்லியே சோறு தின்கிறவன் நான். வெங்காயத்தோல், மயில்கழுத்து, அரக்கு, யானைக் கலர், கத்தரிப்பூ என்று மூச்சு விடாமல் அடுக்குவேன். கூடவே "சாயம் போகாதும்மா, கேரண்டி" என்பதும் தானாக வந்து விழும். (தூக்கத்தில் தட்டி எழுப்பினால்கூட முதலில் அதைத்தான் சொல்கிறேனாம். அம்மாவின் வாக்குமூலம்.)

அந்த வாய்தான் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அதே கடையில் கீழ்த்தளத்து மேட்சிங் பிளவுஸ் பிரிவில் சங்கீதா இருந்தாள். அவள் கண்ணைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. அழகைச் சொல்லவில்லை (அதையும்தான்!). ஒரு புடவையைக் கொடுத்தால் டியூப்லைட் அடியில் பார்க்கவே மாட்டாள். விறுவிறுவென்று வாசலுக்குப் போய், வெயிலில் பிடித்து, முந்தானையைப் புரட்டி, பின்பக்கம் பார்த்து, திரும்பி வந்து ஒரே ஒரு துணியை உருவுவாள். அச்சு அசலாகப் பொருந்தும். நான் மாடியில் நின்றுகொண்டு வேலையை விட்டுவிட்டு அதையே வேடிக்கை பார்ப்பேன்.

அப்போது ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் முயல் வளர்த்துக்கொண்டிருந்தேன். ஆண் வெள்ளை, பெண் காட்டு முயல் மாதிரி பழுப்பு. இரண்டும் என்ன ஜாதி என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கிய எனக்கும் தெரியாது. ஆண் முயலின் மூக்கிலும் காது நுனியிலும் மட்டும் லேசாகச் சாம்பல் படிந்திருக்கும். மண்ணைக் கிளறுகிற பிராணிதானே, அழுக்கு என்று தினமும் காலையில் ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிடுவேன். அதுவும் பாவம், காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பெண் முயல் குட்டி போட்டது. ஒரு முடிகூட இல்லாமல் எல்லாம் ரோஸ் கலரில் நெளிந்தன. சில நாளில் சிலதின் தோல் கறுக்க ஆரம்பித்ததும் நம் வாய் சும்மா இருக்குமா? போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டீ நேரத்தில் சங்கீதாவிடம் கடை விரித்தேன்.

"இதெல்லாம் கறுப்பு. இந்த ரெண்டும் சுத்த வெள்ளை."

"கறுப்பா? வயித்தப் புரட்டிக் காட்டு."

"வயித்துல என்ன கீது?"

"முந்தானையப் பாக்காம புடவைக்குக் கலர் சொல்லுவியா நீ?"

மறுநாள் குட்டியை மல்லாத்திப் படம் எடுத்துப் போனேன். முதுகு கறுப்பாக இருந்தாலும் வயிறு வெளுப்பு, காதின் உட்பக்கமும் வெளுப்பு. "இது கறுப்பு இல்ல முரளி. அவங்க அம்மா மாதிரி பழுப்பாத்தான் வரும் பாரு" என்றாள். (முயல் வளர்ப்பது நான். அவள் வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது.)

அப்படியே வந்தது! முடி வளர வளரப் பழுப்பு எட்டிப் பார்த்தது. முதுகில் ஊதினால் முடி பிரியும். அடியில் சாம்பல், நடுவில் மஞ்சள், நுனியில் கறுப்பு. பட்டில் இரண்டு கலர் அடிக்க வேண்டுமென்றால் குறுக்கே ஓடும் ஊடை ஒரு கலர், நெடுக்கே ஓடும் பாவு ஒரு கலர் என்று நெசவாளி பாடுபட வேண்டும். இந்தப் பொடிசு ஒற்றை முடியிலேயே மூன்று கலர் நெய்து வைத்திருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு மாடியில் உட்கார்ந்து ஊதிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் துணி காயப்போடாமலே இறங்கிப் போய்விட்டார்.

சங்கீதா இன்னொன்றும் கேட்டாள். "அப்பன் மொசலு மூக்குல இன்னா கறுப்பா?"

"அழுக்கு."

"தெனம் தொடைச்சும் போகாத அழுக்கா?"

"ஆம்பளை முயல்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். என் அறிவைப் பாருங்கள்!

எங்களுக்குள் விஷயம் முற்றியதும், "எங்க நைனாகிட்ட வந்து பேசு" என்றாள். அவள் அப்பா தணிகாசலம், மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். பகல் முழுவதும் கரி நெருப்பின் முன்னால் நிற்கிற மனிதர். ஆனால் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கரி இருக்காது. நான் வேலையைச் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜவுளிக் கடையா? சாயம் போவாதுன்னு நீங்க சொல்லி அனுப்புறதெல்லாம் கடசில என் பெட்டிக்குக் கீழதான் வருது நைனா. உங்க கேரண்டி இன்னான்னு எனக்குத் தெரியும்."

பேச்சை மாற்ற நினைத்து முயலைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "இன்னா கலரு?" என்றார்.

"சுத்த வெள்ளை மாமா. ஒரு புள்ளி இருக்காது. கேரண்டி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்குக் கேட்டது.

"அப்ப அதுல ஒண்ணு குடு. வெள்ளையாவே இருந்துச்சின்னா தை பொறந்ததும் பூ, பழம் எடுத்துக்கினு வா. இல்லன்னா இந்தப் பக்கமே வராத."

ஆக, என் கல்யாணம் ஒரு முயல் குட்டியின் மேல் நின்றது. வெள்ளைக் குட்டி ஒன்று பாலை மறந்து புல் தின்னப் பழகியதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கில் லேசாக ஏதோ இருந்தது. அப்பனைப் போலவே மண்ணைக் கிளறுகிறது என்று துடைத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மாமாவுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது. வெக்கையில் வெந்து வீட்டுக்கு வருகிறவர் என்று ஒரு ஏசி வாங்கி வைத்திருந்தார். வீட்டில் வேறு யாரும் போட்டால் கரண்ட் பில்லைச் சொல்லிக் கத்துவார். "இப்ப மொசலுக்காக மத்தியானமே ஓடுது முரளி, அதுவும் சில்லுனு!" என்று சங்கீதா சொன்னபோது நான் குதித்தேன். அடுத்த முறை, "மூக்கு கறுத்துக்கினே வருதே" என்றாள். "அழுக்கு. துடைக்கச் சொல்லு" என்றேன்.

தை பிறந்தது. அம்மாவும் பெரியப்பாவும் நானும் தட்டோடு கிளம்பிய காலையில் சங்கீதா போன் செய்தாள். "நைனா மொசலப் பத்திக் கேப்பாரு. நான் விசாரிச்சு வெச்சிருக்கேன், நானே பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." சரி என்றேன். சத்தியமாகத் திறக்கக் கூடாது என்றுதான் போனேன்.

பாயில் உட்கார்ந்தோம். மாமா உள்ளே போய் முயலைத் தூக்கி வந்து தட்டுக்குப் பக்கத்தில் விட்டார். உடம்பு பால் வெள்ளை. மூக்கு, காது, நாலு பாதம், வால் மட்டும் கரேல் என்று கறுப்பு. அவருடைய கரிப்பெட்டிக்குள் இறங்கி ஏறியதுபோல் நின்றது.

"இன்னாப்பா இது?" என்றார்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒருவர் கலரைக் காட்டிக் கோபமாகக் கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். வாய் தானாகத் திறந்தது.

"முதல் வாஷ் உப்புத் தண்ணியில ஊற வெச்சீங்களா மாமா?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியப்பா மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா! அவனே ஒத்துக்கினான்!" மாமா எழுந்துவிட்டார். "கறுப்பு மொசலுக்கு வெள்ளச் சாயம் போட்டுக் குட்துகிறான்! மொசலையே ஏமாத்தறவன் என் பொண்ண இன்னா பண்ணுவான்?"

அவ்வளவுதான், முடிந்தது என் கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளேயிருந்து சங்கீதா வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். (இன்றுவரை அதற்கு ஈடான திட்டு எந்த மொழியிலும் நான் கேட்டதில்லை.) கையில் நனைத்த வெள்ளைக் கைக்குட்டை.

"நைனா, துணிக்குச் சாயம் போவுதான்னு நீ எப்படிப் பாப்ப? அப்படியே பாரு."

மாமா குனிந்து முயலின் மூக்கைத் தேய்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். வெள்ளை. காதைத் தேய்த்தார். வெள்ளை. உடம்பை அழுத்தித் தேய்த்தார். அப்போதும் வெள்ளைதான்.

சங்கீதா போனில் அப்பன் முயலின் படத்தை எடுத்து நீட்டினாள். "அவங்க அப்பனுக்கும் அதே மூக்கு. இவரு அத அழுக்குன்னு தெனம் தொடைச்சிருக்காரு. மொசலு டாக்டராண்ட கேட்டேன். இந்த மாதிரி வெள்ளக் குட்டிக்குக் குளிரு படுற எடத்துலதான் கறுப்பு ஏறுமாம். மூக்கு, காது, பாதம், வாலு. ஆதம்பாக்கத்து மாடி வெயில்ல அது சரியா ஏறல. நீ ஏசியில படுக்க வெச்ச. புதுசா மொளைக்கிற முடியெல்லாம் கறுப்பா வந்துச்சு."

மாமா ஏசியைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"சாயம் போற துணி எத்தினியோ பாத்துகிறேன். சாயம் ஏர்றத இப்பத்தான்பா பாக்குறேன்!" முயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "தோ பாரு, இது இன்னா அழகு! பார்டர் போட்டா மாதிரி கீது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் உன்ன பொய் சொல்றவன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் தெரியாதவன். பரவால்ல, தெரிஞ்சவ அவ கீறா."

பெரியப்பா தட்டை மறுபடியும் முன்னால் தள்ளினார். முயலுக்கு அன்றைக்கே 'கேரண்டி' என்று பேர் வைத்தாயிற்று.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி ஏசி அறையில் உறவுக்காரர்கள் தொட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். சிவப்பா, மாநிறமா என்று ஆளாளுக்குக் கலர் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ வாயத் தொறக்காத!" என்று மாமாவும் சங்கீதாவும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஒரு அத்தை மட்டும் விடவில்லை. குழந்தையின் காதை உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கறுப்பாத்தான் வரும்போல கீதே" என்று இழுத்தாள்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, அந்த ஏசிய இன்னும் கொஞ்சம் கூட்டி வை. நல்லா ஏறட்டும்."