என் பதிலுக்குப் பதிலாக ஒரு கிட்டார்

இயேசு மரி சூசை துணை

மோட்டார் கொட்டகை,
திருவையாற்றுக்குக் கிழக்கே.
வியாழன், மாலை நாலரை மணி.

பாசமும் கௌரவமும் சரிபாதியாக வாய்த்த மச்சான் திரு. சகாயராஜ் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் ஒரே தங்கை எல்சியைக் கைப்பிடித்து இருபத்தேழு வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அடைக்கலராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் ஆம்ப்ளிஃபயரும் நலம். எல்சி அளவுக்கு மீறி நலம். அங்கு நாகப்பட்டினத்தில் நீங்களும் அக்காவும் உங்கள் ஐஸ் பிளாண்ட்டும் உருகாமல் நலமாக இருக்க வேளாங்கண்ணி மாதாவிடம் தினமும் சொல்லி வருகிறேன். இதைப் போனிலேயே பேசலாம். ஆனால் நான் போனில் எதைச் சொன்னாலும் எல்சி பக்கத்தில் நின்று திருத்துகிறாள். கடிதத்தில் அந்த வசதி அவளுக்கு இல்லை.

விஷயம் உங்கள் மகள் ஃபிளோராவைப் பற்றியது. பாட்டு எழுதுவதும் தானே, மெட்டுப் போடுவதும் தானே, பாடுவதும் தானே, மேலே ஒரு கம்பெனியும் கிடையாது, முதலாளியும் கிடையாது என்று வாழும் பெண், தன் புது ஆல்பத்தை அடுத்த மாதம் தஞ்சாவூரில் வெளியிடப் போவதும், அதில் ஒரு பாட்டு மட்டும் முடியாமல் நிற்பதும், அதை முடிக்கத் தன் பேண்டோடு என் வீட்டில் பத்து நாளாகத் தங்கியிருப்பதும் தாங்கள் அறிந்ததே. பேண்டு என்றால் நம் மாதா தேர்பவனிக்கு வருகிற இருபது பேர் பேண்டு செட் அல்ல. மொத்தமே மூன்று பேர். ஃபிளோரா, கிட்டார் வாசிக்கிற ஜெனித், டிரம் அடிக்கிற பரிதி. பரிதி தங்கமான பெண், எங்கள் நெல் அவிக்கும் அண்டாவைத் தட்டிப் பார்த்துவிட்டு "மாமா, இது என்ன சுதி!" என்று கண்கலங்கினாள். ஜெனித்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போதே எழுதினால் பேனா முனை உடையும். வந்த அன்றே நான் ஃபிளோராவிடம் சொன்னேன், அம்மாடி, நீ சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாய், முப்பது வருடமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ திருவிழாவோ எதுவானாலும் அடைக்கலம் சவுண்ட் சர்வீஸ் குழாய் ஸ்பீக்கரில் என் குரல் கேட்காமல் தொடங்கியதில்லை, ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருடம் ஆழமாகப் படித்தவன் நான், தியாகராஜர் ஆராதனைப் பந்தலில் வயர் சுற்றிக் கொடுத்த கை இது, சங்கீதம் அப்போதே வயர் வழியாக ஏறிவிட்டது என்று. சொல்லிவிட்டு ஒரே மூச்சில் ஒன்பது பாட்டுப் பாடினேன். ஜெனித் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டான். அந்த ஹெட்போன் வயர் எதிலும் செருகாமல் தரையில் கிடந்தது. புது மாடல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம்தான் மச்சான் எல்லாம் கெட்டது. வழக்கம்போல் நான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகையில் இருக்கிறேன். வழக்கம்போல் உங்கள் தங்கை கொல்லை வாசலில் வந்து நின்று, வாயோரம் கையை வைத்து, "ஏங்கோவ்... காப்பி ஆறுதூ..." என்று கூப்பிடுகிறாள். என் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, கல்யாணப் பதிவேட்டில்கூடச் சாமியார்தான் வாசித்தார். வழக்கம்போல் நான் "வர்றேன்" என்கிறேன். இது இருபத்தேழு வருடமாகத் தினமும் நடக்கிற காரியம், இதில் என்ன இருக்கிறது? ஆனால் ஃபிளோரா காலில் செருப்புகூட இல்லாமல் கொல்லைக்கு ஓடிவந்து, "அத்தை, இதுதான், இதுதான் நான் தேடினது! மறுபடி கூப்பிடுங்க!" என்று கத்தியிருக்கிறாள். எல்சி, "எதுக்குடி? அதான் வர்றேன்னுட்டாங்களே" என்றிருக்கிறாள்.

மறுநாள் பூனைபோல் ரோமம் வைத்த ஒரு மைக்கை முருங்கை மரத்திலும், இன்னொன்றை எனக்குப் பக்கத்தில் மோட்டார் கொட்டகையிலும் கட்டினார்கள். அவள் கூப்பிட வேண்டுமாம், நான் பதில் சொல்ல வேண்டுமாம். ஆல்பத்தில் என் குரல் என்றால் சும்மாவா? ஆம்ப்ளிஃபயரைக் கொட்டகைக்குத் தூக்கி வந்து, குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் ஏற்றி, எக்கோவைக் கொஞ்சம் திருகி வைத்து, எல்சி கூப்பிட்டதும், "வர்றேன்... றேன்... றேன்... இந்தப் பதிலை வழங்குவோர் அடைக்கலம் சவுண்ட் சர்வீஸ்!" என்று அடித்தேன் பாருங்கள், வயலில் மேய்ந்த கொக்கெல்லாம் கொள்ளிடத்தைத் தாண்டிப் போனவை இன்னும் திரும்பவில்லை. ஜெனித் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடுத்த நாள் ஸ்பீக்கர் வேண்டாம் என்றார்கள், சரி, வெறும் தொண்டையிலேயே சங்கதி வைத்து இழுத்தேன், நடுவில் இருமல் வந்தது, விடாமல் விட்ட இடத்தில் பிடித்தேன், முடிக்கும்போது காப்பி உண்மையிலேயே ஆறிவிட்டது. மூன்றாம் நாள், ஆல்பம் வெளிநாட்டுக்கும் போகுமே, நம் பாஷைக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று, "அன்பார்ந்த எல்சியே, இதோ விரைந்து வருகின்றேன்" என்றேன். எல்சி அந்தப் பக்கத்திலிருந்து, "யாருங்க அது?" என்றாள். ஃபிளோரா தலையில் கைவைத்துக்கொண்டு, "மாமா, தினமும் சொல்ற மாதிரி சும்மா சொல்லுங்க மாமா, அது போதும்" என்றாள். சும்மா சொல்றதுக்கு நான் எதுக்கும்மா, ரோட்டுல போற எவனும் சொல்லுவானே என்றேன். நியாயம்தானே மச்சான்?

நேற்றுப் பாட்டு முடிந்துவிட்டது என்று கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். எங்கள் வயலில் நடவு நடுகிற கனகா தன் கூட்டத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் தண்ணீர்ச் சத்தம், அண்டாச் சத்தம், பிறகு எல்சி "ஏங்கோவ்..." என்கிறாள். நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், முதுகில் ஜில்லென்றது. அடுத்து என் குரல் வரப்போகிறது என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். வந்தது என்ன தெரியுமா? கிட்டார்! என் "வர்றேன்" இருக்க வேண்டிய இடத்தில் அந்த முடிக்காரன் ஜெனித்தின் கிட்டார் டிங் டிடிங் என்று குழைகிறது! அவள் மறுபடி கூப்பிடுகிறாள், அது மறுபடி குழைகிறது. பெண்டாட்டி என்னுடையவள், காப்பி என்னுடையது, பதில் சொல்வது ஒரு மரக்கட்டை! எல்சியாவது கோபப்பட்டாளா? முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, "இது ஒடனே பதில் சொல்லுதுடி. இவுங்கள மூணு தடவை கூப்புடணும்" என்றாள். கனகா கூட்டம் உருண்டு புரண்டது. இன்று காலை டீக்கடைக்காரர் தியாகேசன் என்னைக் காட்டிப் புது ஆளிடம், "இவரு நம்ம எல்சியக்கா வூட்டுக்காரரு" என்று அறிமுகம் செய்கிறார். முப்பது வருடம் மைக்கில் கத்தினவன் மச்சான் நான்! மைக்கை வாழ்நாளில் தொடாத எல்சிக்கு நான் வூட்டுக்காரரு!

இதோடு போகவில்லை. தஞ்சாவூர் வெளியீட்டு விழாவில் எல்சி மேடையில் நின்று நேரடியாகக் கூப்பிட வேண்டுமாம். நீலப் பட்டுக்கு இப்போதே இஸ்திரி போட்டாகிவிட்டது. ஐந்நூறு பேர் முன்னால் என் பெண்டாட்டி "ஏங்கோவ்" என்பாளாம், முடிக்காரன் பதில் வாசிப்பானாம், நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டுமாம். ஆகையால் மச்சான், தகப்பன் என்ற முறையில் நீங்கள் ஃபிளோராவுக்கு உடனே போன் போட்டு, ஒன்று அந்தக் கிட்டாரை எடுத்துவிட்டு என் குரலை வைக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எல்சியின் குரலையும் எடுக்கச் சொல்ல வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆல்பமே வெளிவரக் கூடாது. புருஷன் சம்மதம் இல்லாமல் பெண்டாட்டி குரலை வெளியிடச் சட்டத்தில் இடமில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் நாளைக் காலை மெட்ராஸ் கிளம்புகிறார்கள், அதற்குள் முடிய வேண்டும், அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் இன்று ராத்திரி நாகப்பட்டினம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்று சாயங்காலத்திலிருந்து எல்சி கூப்பிட்டால் நான் பதில் சொல்வதாக இல்லை. கிட்டார் சொல்லட்டும். இது என் மாதா மேல் சபதம்.

அக்காவுக்கு என் தோத்திரத்தைச் சொல்லவும். உங்கள் முழங்கால் வலிக்குச் செபமாலையில் ஒரு மணியைத் தனியாக ஒதுக்கியிருக்கிறேன். சகல நன்மைகளும் உங்கள் வீட்டு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும் என்று மன்றாடும்,

கோபத்திலும் மரியாதை குறையாத உங்கள் மாப்பிள்ளை,
அ. அடைக்கலராஜ்
(உரிமையாளர், அடைக்கலம் சவுண்ட் சர்வீஸ்)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் வைக்கும்போது எல்சி கூப்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டாள். கிட்டார் எங்கே என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, குரல் வேறு மாதிரி இருந்தது. இன்று வாய்க்காலில் புதுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், முந்தாநாள் கொட்டகையில் நல்ல பாம்பு ஒன்றைப் பார்த்ததாக அவளிடம் சொல்லியிருந்தேன் (பார்த்தது சாரை, அதுவும் வால் மட்டும்). அப்புறம் மச்சான், அவள் "அடைக்கலம்!" என்றாள். என் பேர். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. நான் எழுந்து, "வர்றேன்" என்றேன், அவ்வளவுதான், ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடினேன். பாதி வரப்பில் அவளே ஓடி வந்துகொண்டிருந்தாள். "வாயில என்ன, நெல்லா போட்டு அடைச்சிருக்கு?" என்று திட்டினாள். பக்கத்தில் வரப்போரம் தவளைச் சத்தம் பிடிக்க ஜெனித் வைத்திருந்த பூனை மைக்கில் அத்தனையும் பதிந்துவிட்டது. ஃபிளோரா கேட்டுவிட்டு அழுதாள். கிட்டாரை எடுத்துவிட்டார்களாம். எடுத்தது ஜெனித்தேதான், நல்ல பையன், முடியும் அவ்வளவு நீளம் இல்லை. என் பேர் வருகிற இடத்தை மட்டும் எல்சி வெட்டச் சொல்லிவிட்டாள், ஊரெல்லாம் கேட்கிற பாட்டில் புருஷன் பேரா என்று வெட்கமாம். ஆகையால் மேலே எழுதிய எதையும் வாசிக்க வேண்டாம், போனும் போட வேண்டாம். ஆனால் ஒன்று. அந்த "வர்றேன்"இல் எக்கோ கிடையாது, சங்கதி கிடையாது, யார் வழங்குவது என்றும் இல்லை, கேட்கிறவர்களுக்கு அது நான்தான் என்று தெரிய வழியே இல்லை. நாகப்பட்டினத்தில் நீங்கள் ஒரு நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.