மூக்கு காட்டிக்கொடுத்த மலைப்பயணம்

சொந்த ஊருக்கு ஒளிந்து போக நினைப்பவனுக்கு முதலில் வேறு மூக்கு வேண்டும். எனக்கு வாய்த்திருப்பது அப்பா வழி மூக்கு. சுந்தரபாண்டியத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அது எதிரே நடந்து வரும். இந்தச் சின்ன விஷயம் அன்று என் மண்டைக்கு எட்டவில்லை.

அப்போது கல்யாணமாகி நாலு மாதம். சென்னையில் எங்கள் வீடு சத்திரமாகியிருந்தது. விருந்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று ஹாலில் கால் வைக்க இடமில்லை. என் மனைவி சுதா கோயமுத்தூர்க்காரி. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க, நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசி எத்தனை நாளாச்சுங்க? ரெண்டே நாள், நீங்களும் நானும் மட்டும் எங்கயாச்சும் போலாங்களா?”

நகை கேட்டிருந்தால்கூட நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

மலை வேண்டும், ஓடை வேண்டும், அவளுக்குப் பிடித்த கைத்தறிச் சேலையும் வேண்டும். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, என் மூளை நேராக ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நின்றது. மடவார் வளாகம் பக்கம் லாட்ஜ். முதல் நாள் சுந்தரபாண்டியத்தில் சேலை. மறுநாள் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில், ஓடையோரமாக மலையேற்றம். சுந்தரபாண்டியத்தில்தான் என் சித்தப்பா வீடும் இருந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும் என்று நினைத்தேன். (புத்தி அவ்வளவுதான்.)

நெசவாளர் வீட்டில் தறியிலிருந்து அப்போதுதான் இறக்கிய சேலையை விரித்தார்கள். மாம்பழ நிறம், அரக்குக் கரை, கஞ்சி மொடமொடப்பு. சுதா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். எனக்கே மெய்சிலிர்த்தது. வீட்டுக்கார அம்மா மட்டும் சேலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி யாரு வீடு?”

“நாங்க கோயமுத்தூருங்க அம்மணி” என்றேன், சுதாவின் பேச்சைக் கடன் வாங்கி.

“கண்ணாடியச் செத்த கழட்டுங்க, பாப்போம்.”

கழற்றினேன்.

“அடியாத்தி! மிலிட்டரிக்காரவிய வீட்டு மூக்குல்ல இது!”

“ஒரே மாதிரி மூக்கு எத்தனையோ பேருக்கு இருக்குதுங்க. நாங்க நாளைக்கு அய்யனார் கோவில் மலை பாக்க வந்தவங்க” என்று உளறிவிட்டுச் சேலையோடு ஓட்டம் பிடித்தேன். அந்த மிலிட்டரிக்காரர்தான் என் சித்தப்பா, ஓய்வு பெற்ற ஹவில்தார். ஊர்வரை வந்து வீட்டு வாசலை மிதிக்காமல் போனவர்களோடு அவர் ஆயுசுக்கும் பேச மாட்டார்.

மறுநாள் காலை மலையடிவார மாந்தோப்பில் இறங்கினோம். அங்கே ஒரு வேன் நின்றது. அதிலிருந்து சித்தப்பா, சித்தி, அத்தை, மச்சான்மார், அண்டா, அரிசி மூட்டை, கடைசியாக ஓர் ஆட்டுக்கிடா இறங்கியது. கிடாகூட என்னை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி முறைத்தது.

“ஏலே கோயமுத்தூர்க்காரா, சௌக்கியமா?” என்றார் சித்தப்பா.

“சும்மா மலையேறலாம்னு வந்தோம் சித்தப்பா...”

“புதுப் பொண்டாட்டியோட மொதமொத அய்யனாரப் பாக்க வாரவன் சும்மா ஏறிட்டுப் போவானாலே?” என்றாள் சித்தி. “பொங்க வைக்க வேண்டாமா? கெடா வெட்ட வேண்டாமா?”

அதுதான் எங்கள் ஊர். அய்யனார் கோவிலுக்கு யாரும் வெறுங்கையோடு மலையேறப் போவதில்லை. நெசவாளர் வீட்டு அம்மா சொன்ன சேதியை வைத்து ஒரே ராத்திரியில் கிடா பிடித்து, வேன் பிடித்து, சொந்தபந்தத்தையும் திரட்டியிருந்தார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்குக் கோவில் கட்டிக் கும்பிடலாம். ஆனால் சுதா கண் கலங்கிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள்.

சமாளிக்கலாம் என்று நான் முன்னால் நடந்தேன். புதிதாக வாங்கிய மலையேற்ற ஷூ முதல் பாறையிலேயே வழுக்க, ஓடைக்குள் தொபுக்கடீர் என்று விழுந்தேன். சித்தி வெறுங்காலோடு, இடுப்பில் குடத்தோடு, என்னைத் தாண்டிப் போனாள். சித்தப்பாதான் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

“எதுக்குலே ஒளிஞ்சு வந்த?”

தண்ணீர் சொட்டச் சொட்ட உண்மையைச் சொன்னேன். “ரெண்டு நாளாவது தனியாப் பேசணும்னு இவ ஆசைப்பட்டா சித்தப்பா.”

அவர் சுதாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இம்புட்டுத்தானா? வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? தாயி, மேல ஒரு மடு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போங்க. ஒரு ஈ காக்கா வராது.”

சொன்னதோடு நிற்கவில்லை. மடுவுக்குப் போகும் பாதையில் இந்தப் பக்கம் ஒரு மச்சான், அந்தப் பக்கம் ஒரு மச்சான், நடுவில் துண்டை உதறித் தோளில் போட்டபடி அவர். எல்லையைக் காத்த மனுஷன் அன்று எங்கள் பேச்சுக்குக் காவல் நின்றார். நாலு மாதம் பேசாததையெல்லாம் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பேசினோம். சுதா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அப்பேர்ப்பட்ட மனிதர்களிடமிருந்தா ஒளிந்துகொள்ளப் பார்த்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியதும் கீழேயிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்:

“ஏலே, பேசியாச்சா? சோறு ஆறுது!”

நான் எழுந்தேன். சுதா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, மலையே அதிரக் கத்தினாள்: “இன்னும் இல்லைங்க மாமா! செத்த நேரம்!”

கீழே மொத்தக் கூட்டமும் சிரித்தது. இன்றைக்கும் நாங்கள் ஊருக்குப் போய் அறைக்கதவைச் சாத்தினால் போதும், வெளியே யாராவது அதே கேள்வியைக் கேட்பார்கள். போன தடவை கேட்டது எங்கள் மகள். சோறு ஆறட்டும் என்று சுதா பதில் சொன்னாள்.